மறந்தது யார்?

கடை அடைக்கப் போகிறோம் என்று ஜப்பானில் ஊழியர் வாய் திறப்பதற்கு முன்பே பாட்டு சொல்லிவிடும். பேரங்காடியோ, புத்தகக் கடையோ, ஊர் நூலகமோ, நேரம் நெருங்கியதும் ஒலிபெருக்கியில் மெதுவான வால்ட்ஸ் மெட்டு ஒன்று கசியத் தொடங்கும். கையில் எடுத்ததை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. ராபர்ட் பர்ன்ஸ் பெயரோடு உலகம் சுற்றிய 'ஆல்ட் லாங் சைன்'. பழைய நட்பையும் மறதியையும் பற்றிய பாட்டு.

அது ஜப்பானுக்கு வந்த கதை கொஞ்சம் நீளமானது. பள்ளிகளில் பாட்டு கற்பிக்க வேண்டும் என்று 1879இல் மெய்ஜி அரசு ஒரு அலுவலகம் திறந்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த இசாவா ஷூஜி அதன் பொறுப்பாளர். மறு ஆண்டே பாஸ்டனிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் என்ற இசை ஆசிரியரை வரவழைத்தார்கள். 1881ஆம் ஆண்டுத் தேதியிட்ட முதல் பள்ளிப்பாட்டுத் தொகுப்பில் இந்த ஸ்காட்லாந்து மெட்டும் இருந்தது. மின்மினி வெளிச்சத்திலும் சன்னலோரப் பனியின் வெளிச்சத்திலும் படித்த ஏழை மாணவர்களைப் பற்றிய பழைய சீனக் கதைகளை வைத்து ஜப்பானிய வரிகள் எழுதப்பட்டன. பாட்டின் பெயரே 'ஹொதாரு நோ ஹிகாரி', மின்மினி ஒளி. நட்பை மறப்பது பற்றிய கேள்வி கப்பலிலேயே தங்கிவிட்டது போலும். ஜப்பானியப் பாட்டில் அது இல்லை.

இருந்தது வேறொன்று. பாட்டுக்கு நான்கு பாகங்கள். நான்காவது பாகம் நாட்டின் எல்லையைப் பாடியது: வடக்கே குரில் தீவுகள், தெற்கே ஒக்கினாவா. முன்னது 1875 ஒப்பந்தத்தில் வந்தது. பின்னது 1879இல்தான் மாவட்டமாக்கப்பட்டது. பிறகு தைவான் கைக்கு வந்தது, சகலினின் தென்பாதி வந்தது, பாட்டிலும் எல்லை நகர்ந்தது. 1945க்குப் பிறகு பள்ளிப் பிரிவு விழாக்களில் முதல் இரண்டு பாகங்கள் மட்டும் பாடுகிறார்கள். கண் கலங்கப் பாடும் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுக்குள் ஒரு பேரரசின் வரைபடம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது தெரிய வழியில்லை.

இந்த இடத்தில் ஜப்பானிய மொழியின் ஒரு குணத்தைச் சொல்லாமல் நகர முடியாது. தமிழில் 'மறந்தேன்' என்றால் மறந்தவன் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். மறந்தாய், மறந்தார், மறந்தோம் என்று விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானியத்தில் அத்தனைக்கும் 'வஸுரெதா' ஒன்றுதான். நானா, நீயா, அவர்களா என்று வினைச்சொல் சொல்லாது. எழுவாயையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல்லாண்டு வாதாடிய ஓனோ சுசுமுவை நமக்கு ரொம்பப் பிடிக்கும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும். இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு மொழிகளும் முதுகைக் காட்டி நிற்கின்றன. மறந்தது யார் என்று சொல்லாமலே ஒரு பாட்டை முடித்துவிட ஜப்பானியத்தால் முடியும். துயரத்துக்கு இது நல்ல இடம். பொறுப்பிலிருந்து நழுவவும் நல்ல இடம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பாட்டுகளில் இந்த இரண்டும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம்.

எட்டாம் நூற்றாண்டின் 'மன்யோஷூ' தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். இருபது தொகுதிகள், சுமார் 4,500 கவிதைகள். அதில் வரும் ஓதோமோ நோ தபிதோ தலைநகரை விட்டுத் தூரத் தென்மேற்கே கியூஷூ தீவின் தசாய்ஃபு ஆட்சிமன்றத்துக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர். அறுபதைத் தாண்டிய வயது. போன இடத்தில் மனைவியும் இறந்துபோனார். அங்கிருந்து அவர் எழுதிய கவிதை ஒன்றில், பிறந்த ஊரை மறக்க வேண்டி இடைக்கச்சையில் ஒரு செடியை முடிந்துகொள்கிறார். மறதிப்புல் என்று அதற்குப் பெயர். லில்லியைப் போலப் பூக்கும் செடி, கூடவே வைத்திருந்தால் கவலை மறக்கும் என்பது சீனத்திலிருந்து வந்த நம்பிக்கை. அவர் மகன் யகாமோச்சியும் காதல் துயரில் அதே புல்லை முடிந்து பார்த்தார். பிறகு, பெயர்தான் மறதிப்புல், ஒரு பிரயோசனமும் இல்லாத களை என்று திட்டி ஒரு கவிதை எழுதினார். அப்பாவைவிட மகனை எனக்குப் பிடிக்கிறது.

அடுத்து ஒரு சிப்பி. பத்தாம் நூற்றாண்டில் கி நோ த்சுராயுகி, தோசா மாகாணத்தின் ஆளுநர் பதவி முடிந்து கடல்வழியே தலைநகர் திரும்பினார். போகும்போது கூட வந்த சிறு மகள் திரும்பும்போது இல்லை, அங்கேயே இறந்துவிட்டாள். 935 வாக்கில் எழுதிய 'தோசா நாட்குறிப்பை' அவர் தன் பெயரில் எழுதவில்லை, ஒரு பெண் எழுதுவதுபோல் எழுதினார். வழியில் கடற்கரையில் மறதிச்சிப்பி கிடக்கிறது. எடுத்தால் துயரம் மறக்கும் என்பார்கள். பயணிகளில் ஒருவர் எடுக்கலாமே என்று பாட, மற்றொருவர் வேண்டாம் என்று பதில் பாடுகிறார். குழந்தையின் ஞாபகமாக இந்த ஏக்கமாவது மிஞ்சட்டும் என்பது அதன் சாரம். அழுவது யார், தகப்பனா, எழுதும் பெண்ணா, யாரோ ஒரு பயணியா? த்சுராயுகி சொல்லவில்லை. ஆண் அதிகாரிக்கு அனுமதிக்கப்படாத அழுகையை அந்தச் சொல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இதே வழியில் இருபதாம் நூற்றாண்டில் வந்தது 'அகாதொம்போ', செந்தும்பி. மிகி ரோஃபூ 1921இல் எழுதியது. 1927இல் யமதா கோசாகு மெட்டமைத்தார். ஜப்பானில் இந்தப் பாட்டுத் தெரியாதவர் இல்லை. ஆனால் அதன் முதல் பாகத்தில் வரும் 'ஒவாரெதெ' என்ற சொல்லைத் தப்பாகக் கேட்டவர்கள் ஏராளம். 'முதுகில் சுமக்கப்பட்டு' என்பது பொருள். 'துரத்தப்பட்டு' என்றும் அதே ஒலி. தும்பி துரத்திய குழந்தை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தவர்கள் உண்டு. சரியாகக் கேட்டவர்களுக்கும் அடுத்த கேள்வி காத்திருக்கும்: யார் முதுகு? பாட்டு சொல்லவில்லை. அம்மாவின் முதுகு என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். ரோஃபூ சொன்னது வேறு: அது தன்னைத் தூக்கி வளர்த்த வேலைக்காரச் சிறுமியின் முதுகு. ஹியோகோ மாகாணத்தின் தத்சுனோவில் பிறந்த அவருக்குச் சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா வீட்டை விட்டுப் போனார். பிள்ளை தாத்தா வீட்டில் வளர்ந்தது. தும்பிப் பாட்டை எழுதியபோது அவர் வடக்கே ஹொக்கைதோவில் ஒரு கத்தோலிக்கத் துறவிமடத்தில் ஆசிரியர். இல்லாத அம்மாவை ஒரு இலக்கண வெற்றிடத்தில் உட்கார வைத்த பாட்டு அது. அதைக் கேட்கும் ஒவ்வொருவரும் தன் அம்மாவை அங்கே வைத்துக்கொள்கிறார்கள். தன்னைத் தேடி ஒருவன் குழந்தைப் பருவத்துக்குப் போனால் அவனுக்குக் கிடைப்பது இன்னொருவருடைய முதுகு.

'ஃபுருசாதோ', அதாவது சொந்த ஊர், 1914இல் கல்வி அமைச்சகப் பாடநூலில் வந்தது. குழந்தைப் பருவத்து மலை, ஆறு, பெற்றோர் நலம், என்றாவது வென்று திரும்பும் ஆசை. எழுதியவர் நகானோ மலைப் பகுதிக்காரரான தகானோ தத்சுயுகி என்றும், மெட்டு ஒகானோ தெய்ச்சி என்றும் இன்று சொல்கிறோம். அன்று பாடநூலில் பெயரே கிடையாது. எல்லாப் பாட்டும் அமைச்சகத்தின் பாட்டு. யாரோ ஒருவருடைய ஊர் ஞாபகம் யாருடையதும் ஆகாமல், பிறகு நாடு முழுவதன் ஞாபகமாக அச்சாகியது. கடலோரத்தில் பிறந்த பிள்ளையும் தான் பார்க்காத மலையை நினைத்து ஏங்கக் கற்றுக்கொண்டது.

இனி சைஜோ யாசோ. இவரிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

1918 நவம்பரில் 'அகாய் தோரி' என்ற சிறுவர் இதழில் இவருடைய 'கனாரியா' வெளியானது. பாட்டை மறந்துபோன ஒரு பறவை. அதைத் தூக்கி எறிந்துவிடலாமா, புதைத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டே போகும் ஒரு குரல். வேண்டாம், தகுந்த இடத்தில் விட்டால் நினைவு வந்துவிடும் என்ற பதில். குழந்தைப் பாட்டுக்குக் கொஞ்சம் கொடூரமான கேள்விகள்தாம். அப்போது யாசோவுக்கு வயது 26. குடும்பச் சுமை, பணமுடை, வியாபாரம் என்று அலைந்து கவிதையை விட்டுவிட்டிருந்தார். அந்தப் பறவை அவரேதான் என்பதை அவரும் மறைக்கவில்லை. இழந்த தன்னைத் தேடும் ஜப்பானியப் பாட்டுகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். 'நான்' என்ற சொல்லை அது நாடவே இல்லை.

பறவைக்குப் பாட்டு திரும்ப வந்தது, கொஞ்சம் அதிகமாகவே. யாசோ நாட்டின் மிகப் பெரிய திரைப்பாட்டு, இசைத்தட்டுப் பாட்டாசிரியர்களில் ஒருவரானார். போர் வந்ததும் போருக்கும் எழுதினார். 1943இல், கடற்படை விமானப் பயிற்சிக்குச் சேரும் பதின்வயதுப் பையன்களைப் பற்றிய படத்துக்கு 'இளங்கழுகுகளின் பாட்டு' எழுதிக் கொடுத்தார். அதைப் பாடிக்கொண்டு போனவர்களில் திரும்பாதவர்கள் பல ஆயிரம். ஆறே ஆண்டுகள் கழித்து 1949இல், 'நீல மலைத்தொடர்' என்ற படத்துக்கு அவரே எழுதினார்: பழசைக் கழற்றி எறிந்துவிட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும் இளைஞர்களின் பாட்டு. ஜனநாயக ஜப்பானின் விடியல் கீதமாகவே அது மாறியது. பழசை அவர்களுக்கு உடுத்திவிட்டது யார் என்று பாட்டும் சொல்லவில்லை, பாடியவர்களும் கேட்கவில்லை. மறந்த பாட்டை நினைவுக்குக் கொண்டுவந்த கவிஞர், பாடிய பாட்டை மறக்கவும் வழி சொல்லிக் கொடுத்தார். யாசோவைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவரைப் போல எழுதாதவர் அன்று மிகச் சிலர்.

'இளங்கழுகு'களுக்கு மெட்டமைத்தவர் கோசெகி யூஜி. 1909இல் ஃபுகுஷிமாவில் பிறந்தவர். சீனப் போர் தொடங்கிய 1937இல் இவருடைய 'பாசறைப் பாட்டு' நாடெங்கும் பரவியது. 1944இல், இம்பால் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, இவரைப் பர்மாவுக்கே அனுப்பினார்கள். போர் முடிந்து நான்காம் ஆண்டு 'நாகசாகி மணி' வந்தது. மெட்டு கோசெகி, வரிகள் சாதோ ஹச்சிரோ, பாடியவர் ஃபுஜியாமா இச்சிரோ. அணுகுண்டில் மனைவியை இழந்து, கதிர்வீச்சில் தானும் படுக்கையில் கிடந்த மருத்துவர் நகாய் தகாஷியின் நூலை வைத்து எழுந்த பாட்டு அது. தனிமை, இறந்த மனைவி, சிதைவுக்குள்ளிருந்து ஒலிக்கும் தேவாலய மணி எல்லாம் உண்டு. குண்டு மட்டும் இல்லை. அமெரிக்கப் படைகளின் தணிக்கை நடந்துகொண்டிருந்த காலம். நகாயின் நூலே மணிலாவில் ஜப்பானியப் படை செய்த படுகொலைகளைப் பற்றிய பின்னிணைப்போடு சேர்ந்துதான் அச்சேற முடிந்தது. ஹச்சிரோவின் தம்பி ஹிரோஷிமாவில் குண்டுக்கு இரையானவர். அவர் குண்டைப் பற்றி எழுதாமல் எழுதியதற்கு என்னால் மரியாதைதான் செலுத்த முடிகிறது. இலக்கணம் அவருக்குக் கைகொடுத்தது. மனைவி போய்விட்டாள் என்று சொல்லலாம். அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே ஹச்சிரோதான், தோற்ற சில வாரங்களிலேயே திரைக்கு வந்த படம் ஒன்றின் 'ஆப்பிள் பாட்'டையும் எழுதினார். பசித்துக் கிடந்த நாடு அதைப் பாடித் தீர்த்தது. பாடிய நமிகி மிச்சிகோ, மார்ச் 10 தோக்கியோ குண்டுவீச்சில் தாயைப் பறிகொடுத்தவர். ஒலிப்பதிவில், இன்னும் மகிழ்ச்சியாகப் பாடு, இன்னும் மகிழ்ச்சியாக என்று இசையமைப்பாளர் வற்புறுத்திக்கொண்டே இருந்தாராம்.

1952 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் அமெரிக்க ஆட்சி முடிந்தது. அதே மாதம் என்எச்கே வானொலியில் 'கிமி நோ நா வா' நாடகம் தொடங்கியது. 'உன் பெயர்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் கிகுதா கசுவோ, இசை மறுபடியும் கோசெகி. குண்டு விழும் இரவொன்றில் தோக்கியோவின் சுகியா பாலத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். பெயர்கூடத் தெரியாமல், ஆறு மாதம் கழித்து இங்கேயே சந்திப்போம் என்று சொல்லிப் பிரிகிறார்கள். பிறகு இரண்டு ஆண்டு, நழுவி நழுவிப் போகும் சந்திப்புகள். ஒவ்வொரு பகுதியும் மறதி என்றால் என்ன என்று விளக்கம் சொல்லித் தொடங்கும். நாடக நேரத்தில் பொதுக் குளியலறைகளின் பெண்கள் பகுதி காலியாகிவிடும் என்பார்கள். அது விளம்பரத்துக்குக் கட்டிய கதை என்பாரும் உண்டு. பாலம் இன்று இல்லை. ஆற்றைத் தூர்த்து விரைவுச்சாலை போட்டபோது இடித்துவிட்டார்கள். பாலம் இருந்த இடம் இது என்று கிகுதாவின் கையெழுத்தில் ஒரு கல் மட்டும் நிற்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் நினைவுக்கல் திறக்கப்பட்டது. தவறு மீண்டும் நிகழாது என்று இறந்தவர்களுக்கு வாக்குக் கொடுக்கும் வாசகம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, எழுவாய் இல்லாமல். நவம்பரில் அங்கே வந்து நின்று, தவறு யாருடையது என்று கேட்டவர் ஓர் இந்தியர்: தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் தனித்தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதா பினோத் பால். வாசகத்தை எழுதிய பேராசிரியர் சைகா ததாயோஷி, எழுவாய் மனிதகுலம் முழுவதும்தான் என்று பதில் எழுதினார். பின்னாளில் நகராட்சியும் அதே விளக்கத்தைப் பலகையில் எழுதி வைத்தது. பால் அமெரிக்காவை நோக்கி விரலை நீட்டினார். விரல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேள்வி சரியான கேள்விதான். குண்டு போட்டவன் யார் என்பதற்கும், போரைத் தொடங்கியவன் யார் என்பதற்கும் விடை உண்டு. மனிதகுலம் என்பது விடை போலத் தெரியும் விலகல்.

எண்பதுகளின் பணக்கொழிப்பு 1991 வாக்கில் உடைந்த பிறகு 'ஜிபுன் சகாஷி', தன்னைத் தேடுதல், என்ற சொல் இதழ்களிலும் பாட்டுகளிலும் இறைந்து கிடந்தது. வேலை கிடைக்காத தலைமுறைக்கு அந்தத் தேடலைத் தேற்றுமருந்தாக விற்றார்கள். 'ஜிபுன்' என்றால் தான். எழுத்தைப் பிரித்தால் தன் பங்கு என்று வரும். பங்கு கிடைக்காதவர்களிடம் போய்ப் பங்கைத் தேடு என்று பாடியிருக்கிறார்கள். நல்ல மெட்டுகள் நிறைய உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கனாரியாவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியது அதிகம் இல்லை.

2016இல் பழைய வானொலி நாடகத்தின் பெயர், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் சேர்ந்து, திரும்பி வந்தது. ஷின்காய் மகோதோவின் அசைபடம் 'கிமி நோ நா வா.' ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென் வசூலித்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஓனோ நோ கொமாச்சியின் கனவுக் கவிதை ஒன்றிலிருந்து தொடங்கியதாகவும், முதலில் படத்துக்கு வைத்த பெயரே அந்தக் கவிதையிலிருந்து எடுத்ததுதான் என்றும் ஷின்காய் சொல்லியிருக்கிறார். உடல் மாறி வாழ்ந்த ஒரு பையனும் பெண்ணும் கடைசியில் ஒருவர் பெயரை ஒருவர் மறந்துபோகிறார்கள். நடுவே ஒரு வால்மீன் விழுந்து ஊரே அழிகிறது. ராட்விம்ப்ஸ் குழுவின் நோதா யோஜிரோ எழுதிய பாட்டுகளில் ஒன்று முற்பிறவிக்கும் முற்பிறவிக்கும் முந்தைய பிறவியிலிருந்தே தேடி வருகிறது. படத்தின் வகுப்பறைக் காட்சி ஒன்றில் ஆசிரியை, மன்யோஷூவைக் காட்டி, அந்தியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் எப்படி வந்தது என்று சொல்லித் தருவார். பழைய வடிவம் 'தசொகாரே'. எதிரே வருபவர் முகம் தெரியாத கருக்கலில் 'யார் அது?' என்று கேட்பது.

படம் பார்த்தவர்களுக்கு 2011 மார்ச் 11 நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. பேரலையில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 18,000க்கும் மேல். ஃபுகுஷிமா அணுவுலை விபத்தால் 1,60,000க்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினார்கள். முகாம்களிலும் நினைவுக்கூட்டங்களிலும் பாடப்பட்டது பழைய 'ஃபுருசாதோ'தான். மலையும் ஆறும் அப்படியே இருந்தன. கதிர்வீச்சுக் கண்ணுக்குத் தெரியாது. என்றாவது திரும்புவேன் என்ற ஆசையை எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பெரியவரும் ஒரே வாயில் பாடியபோது, அமைச்சகம் பெயரில்லாமல் அச்சிட்ட பாட்டுக்கு நூறாண்டு நெருங்கும் வேளையில் ஆட்கள் கிடைத்தார்கள். பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு ஒக்குமா, ஃபுதாபா என்று ஊர்ப் பெயர் சொல்லிப் பதில் தர முடிந்தது. அந்த ஊர்களை ஆளில்லாமல் ஆக்கியது யார் என்பது நீதிமன்றங்களுக்குப் போனது.

கோசெகி 1989இல் இறந்தார். ஃபுகுஷிமா ரயில் நிலையத்தில் இன்றும் அவர் மெட்டுகள் ஒலிக்கின்றன. 2020இல் அவரை மாதிரியாக வைத்து என்எச்கே ஒரு தொடரும் எடுத்தது, போர்ப்பாட்டுகளுக்காக அதன் நாயகன் குமைவது உட்பட. ஆனால் நான் தொடங்கிய கடை மூடும் மெட்டின் கதையை இன்னும் முடிக்கவில்லை. 1949இல் 'வாட்டர்லூ பாலம்' என்ற அமெரிக்கப் படம் ஜப்பானில் ஓடியது. காதலர்கள் பிரியும் முன் ஆடும் காட்சியில் 'ஆல்ட் லாங் சைன்' வால்ட்ஸாக வரும். மக்களுக்கு மெட்டுப் பிடித்துவிட்டது, இசைத்தட்டு கிடைக்கவில்லை. கொலம்பியா நிறுவனம் கோசெகியைப் பிடித்தது. அவர் படத்தைக் கேட்டு எழுதியெடுத்து, ஜப்பானியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்து கொடுத்தார். தட்டின் மேல் 'யூஜின் கோஸ்மன் இசைக்குழு' என்று அச்சிட்டார்கள். வெளிநாட்டு இசை என்று நம்பி வாங்கினார்கள். யூஜி கோசெகி என்ற பெயரைக் கொஞ்சம் திருகிப் பார்த்தால் யூஜின் கோஸ்மன் வரும். அப்படி ஓர் ஆள் இருந்ததே இல்லை.